கெய்ரோ வானொலியைத் திறந்து வைத்த குரல்

(ரமளானை வரவேற்று நமது அறக்கட்டளை நடத்திய ஷஅபான் மாதக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருடா வருடம் இந்தக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தால் வரவு செலவு வாசிப்பார், பின்வரிசையில் இருப்பவர்கள் தேநீர் எங்கே என்று பார்ப்பார்கள். இந்த வருடம் கணக்கை அச்சடித்து வாசற்கதவில் ஒட்டியாகிவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் தொழுகைக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொள்ளலாம். இப்போது ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் அவரைப் பற்றி என்பது போகப் போகத் தெரியும்.

என்னை ஒத்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி. அதற்குத் தையல் போட்ட துணி உறை. நோன்புக் காலத்தில் அத்தா அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்து, இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காக முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பார். கரகரப்புக்கு நடுவே கிராஅத் வரும். உம்மா கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்து கொள்வார். பெட்டிக்கு எதிரே யாரும் காலை நீட்டி உட்காரக் கூடாது. இயந்திரத்திலிருந்து வருகிற ஓதலுக்கும் அந்த அதபு உண்டு என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பார்த்துப் பழகியதுதான்.

அந்த ஓதல் பெட்டிக்குள் போவதற்கு முன்பு ஒருவர் அதைப் பற்றி யோசித்துத் தயங்கினார். அவர்தான் எகிப்தின் ஷெய்கு முஹம்மது ரிஃப்அத் (ரஹ்) அவர்கள். காரி அப்துல் பாஸித் அவர்களை நம்மில் தெரியாதவர் இல்லை. ஒலிநாடாக் காலத்தில் அவருடைய ஓதல் இல்லாத முஸ்லிம் கடை நம் பஜாரில் இல்லை. அவர் எகிப்து வானொலியில் சேர்ந்தது 1951இல். ரிஃப்அத் அதற்கு ஒரு வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார். அப்துல் பாஸித், முஸ்தஃபா இஸ்மாயீல், மின்ஷாவி என்று நாம் பெயர் சொல்லும் பெரிய காரிகள் வானொலிக்குள் நுழைந்த கதவைத் திறந்தவர் இந்த ஷெய்கு.

1882ஆம் வருடம் மே மாதம் 9ஆம் தேதி கெய்ரோவில் பிறந்தார். தகப்பனார் காவல்துறை அதிகாரி. இரண்டு வயதில் கண் நோய் வந்து பார்வை போயிற்று. அந்தக் காலத்து எகிப்தில் கண் நோயால் பார்வை இழந்த குழந்தைகள் ஏராளம். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராக விளங்கிய தாஹா ஹுஸைனும் அப்படித்தான் இளமையில் பார்வை இழந்தவர். அவர் தன் இளமையைப் பற்றி எழுதிய 'அல் அய்யாம்' என்ற நூலைப் படித்தவர்களுக்கு அந்த நாட்டு மக்தபுகள் எப்படி இருந்தன என்று தெரியும். கண் இல்லாத பிள்ளையை அங்கே மூலையில் உட்கார வைப்பதில்லை. மனனம் செய்ய அனுப்பிவிடுவார்கள். ஏழையின் பரிதாபம் என்று நாம் நினைக்கிற ஒன்றை அந்தச் சமுதாயம் ஒரு பதவிக்கான பாதையாக மாற்றி வைத்திருந்தது. ஹாபிழானால் பிழைப்பும் உண்டு, மரியாதையும் உண்டு.

சிறுவன் முஹம்மதை கெய்ரோவின் ஸய்யிதா ஸைனப் பகுதியில் ஃபாளில் பாஷா பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் சேர்த்தார்கள். சிறு வயதிலேயே குர்ஆன் முழுவதும் மனனமாயிற்று. ஒன்பது வயதில் தகப்பனார் மௌத்தாகிவிட்டார். காவல் அதிகாரியின் வீடு ஒரே நாளில் யத்தீம் வீடாகிவிட்டது. பார்வையில்லாத பையனின் தலையில் குடும்பச் சுமை. அவன் கையில் இருந்தது மனனம் செய்த குர்ஆனும் அல்லாஹ் கொடுத்த குரலும்தான்.

அந்தக் குரலை அப்படியே விட்டுவிடவில்லை. தஜ்வீதையும் கிராஅத்தையும் முறையாகக் கற்றார். அதோடு இசையின் இலக்கணத்தையும் கற்றார். பயாத்தி, ரஸ்த், ஸபா, ஹிஜாஸ் என்று அரபுகளுக்கு மகாம்கள் உண்டு, நம் ஊரில் ராகம் என்கிறோமே, அதுபோல. நம் ஆலிம்களில் சிலருக்கு இங்கே நெற்றி சுருங்கும். நானும் மத்ரஸாவில் ஓதியவன்தான், அந்தச் சுருக்கம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் தாவூது நபியின் குரல் வளத்தோடு ஒப்பிட்டுப் பாராட்டிய செய்தியை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். எழுத்தின் மக்ரஜும் மத்தின் அளவும் கெடாமல் இருக்கும் வரை அழகாக ஓதுவது விரும்பத்தக்கது என்பதுதான் நம் உஸ்தாதுகள் சொல்லித் தந்தது. மெட்டுக்காக எழுத்தை இழுத்தால்தான் குற்றம். ரிஃப்அத் ஷெய்கு அதைச் செய்ததில்லை. தணிந்த குரலில், அவசரமில்லாமல் ஆரம்பிப்பார். ரஹ்மத்தைச் சொல்லும் ஆயத்துக்கு ஒரு குரல், எச்சரிக்கும் ஆயத்துக்கு வேறொரு குரல். அரபி தெரியாதவனுக்கும் இங்கே அல்லாஹ் ஏதோ கேட்கிறான், இங்கே ஆறுதல் சொல்கிறான் என்று புரியும். அவரை எகிப்தியர்கள் 'வானத்து யாழ்' என்று பட்டம் கொடுத்து அழைத்தார்கள். குர்ஆன் ஓதுகிறவருக்கு யாழ் என்று பட்டமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் அன்பு அப்படி.

ஃபாளில் பாஷா பள்ளிக்கே அவர் காரியானார். எகிப்தில் ஜும்ஆவுக்கு முன்பு ஸூரத்துல் கஹ்ஃபை ஒருவர் சத்தமாக ஓத, வந்தவர்கள் அமர்ந்து கேட்கும் வழக்கம் உண்டு. அந்த ஓதலைக் கேட்பதற்காகவே கெய்ரோவின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பள்ளி நிறைந்து தெருவிலும் நின்றார்கள். ஏறத்தாழ முப்பது வருடம் அதே பள்ளியில் ஓதினார். பெரிய பள்ளி, பெரிய சம்பளம் என்று மாறிப் போகவில்லை.

இனி வானொலிக்கு வருவோம். கெய்ரோவில் 1920களில் தனியார் வானொலி நிலையங்கள் பல இருந்தன. ஒரு அறை, ஒரு கருவி, ஒரு முதலாளி, அவ்வளவுதான். பாட்டு, கடை விளம்பரம், நிலையத்துக்கு நிலையம் ஏச்சுப் பேச்சு. இந்தக் காலத்து வாட்ஸ்அப் குழுக்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை அரசாங்கம் 1934 மே மாதம் மூடிவிட்டு, மார்க்கோனி கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரே அரசு வானொலியைத் தொடங்கியது. தொடக்க நாள் மே 31. முதல் நிகழ்ச்சியாகக் குர்ஆன் ஓத வேண்டும், ஓதுவதற்கு ரிஃப்அத் ஷெய்கு வர வேண்டும் என்று அழைப்பு வந்தது.

ஷெய்கு உடனே சம்மதிக்கவில்லை. அவர் தயக்கத்தில் நியாயம் இருந்தது. பள்ளியில் ஓதினால் கேட்கிறவன் ஒளுவோடு உட்கார்ந்திருப்பான். பெட்டிக்குள் ஓதினால் அந்தச் சத்தம் எங்கே போய் விழும்? காப்பிக்கடையில் சூதாட்டப் பலகைக்கு நடுவே விழலாம், மதுக்கடையிலும் விழலாம். அல்லாஹ்வின் கலாமை அங்கே அனுப்பி வைத்த பாவம் யாருக்கு? நம் பக்கத்தில் ஒலிபெருக்கி வந்தபோது தொழுகைக்கு அதை வைக்கலாமா கூடாதா என்று ஆலிம்கள் விவாதித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று சிரிக்கிறோம். ஒரு புதிய கருவி வரும்போது மார்க்கத்துக்குப் பயந்தவன் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது சிரிப்புக்குரிய விஷயமல்ல.

நின்று யோசித்தவர் அப்படியே நின்றுவிடவும் இல்லை. அன்று அல் அஸ்ஹரின் தலைவராக இருந்த ஷெய்கு முஹம்மது அல் அஹ்மதி அல் ழவாஹிரி அவர்களிடம் போய் ஃபத்வா கேட்டார். கூடும் என்று பதில் கிடைத்தது. கேட்கிறவன் எப்படிக் கேட்கிறான் என்பது அவன் பொறுப்பு, ஓதுகிறவன் தன் பொறுப்பைச் செய்யட்டும். நான் அந்த ஃபத்வாவை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அதன் பிறகு ஷெய்கு வந்தார். கெய்ரோ வானொலியின் முதல் நாள் ஸூரத்துல் ஃபத்ஹின் தொடக்க ஆயத்துகளோடு திறந்தது. ஃபத்ஹ் என்றால் வெற்றி என்றும் பொருள், திறப்பு என்றும் பொருள். ஒரு திறப்பு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்? அதே நாளில் உம்மு குல்ஸூமின் பாட்டும் ஒலிபரப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை அவர் குரல் நேரடியாக ஒலிபரப்பாகத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள். அதுவரை காரியின் புகழ் அவர் குரல் எட்டும் தூரம்தான். மைக் இல்லாத காலத்தில் பெரிய குரல்தான் பெரிய காரி. ரிஃப்அத் ஷெய்குக்கு அடித்தொண்டையிலிருந்து கூரையைப் பிளக்கும் குரல் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஓதுவது போன்ற நெருக்கமான குரலை வானொலி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோனது. பள்ளிக்கு வர முடியாத பெண்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளிகள், அவரைப் போலவே கண் தெரியாதவர்கள், இவர்களெல்லாம் முதல்முறையாக ஒரு பெரிய காரியின் எதிரே உட்கார்ந்தார்கள். எகிப்தில் முஸ்லிம் அல்லாதவர்களும் அவர் ரசிகர்களாக இருந்தார்கள்.

லண்டனிலிருந்து பி.பி.சி.யின் அரபி ஒலிபரப்பும் அவரிடம் ஓதல் கேட்டது. மறுபடியும் தயக்கம். முஸ்லிம் அல்லாதவர்கள் நடத்தும் நிலையத்துக்கு ஓதிக்கொடுப்பது ஹராமாகுமோ? மறுபடியும் அவர் செய்தது ஆலிமிடம் கேட்டதுதான். அப்போது அல் அஸ்ஹருக்குத் தலைவராக இருந்தவர் ஷெய்கு அல் மராகீ. அது ஹராம் அல்ல என்று விளக்கினார். ஷெய்கு ஓதிக்கொடுத்த ஸூரா எது தெரியுமா? ஸூரத்து மர்யம். ஈஸா நபி (அலை) அவர்களின் பிறப்பைச் சொல்லும் ஸூரா. அது யார் யோசனை என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் கேட்கப்போகிறவன் யார் என்று தெரிந்து ஓதியது போலவே இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன்.

1943ஆம் வருடம் அவருக்கு விக்கல் நோய் வந்தது. சிரிக்காதீர்கள். தண்ணீர் குடித்தால் நிற்கிற விக்கல் அல்ல. மணிக்கணக்கில் நிற்காத விக்கல், தொண்டையைப் பிடித்துக்கொள்கிற விக்கல். பள்ளியில் ஓதிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றது. பாடகனுக்குக் குரல் போனால் தொழில் போகும். ஐந்து நேரமும் வாயில் குர்ஆனாகவே வாழ்ந்தவருக்குக் குரல் போனால் என்ன போகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வானொலியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலகி வீட்டுக்குள் இருந்துவிட்டார். ஏழு வருடம். வைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்ததில் சேமிப்பு எல்லாம் கரைந்தது.

1949இல் ஒரு பத்திரிகை அவருடைய நிலையை வெளியிட்டது. மக்கள் பதறிப் போனார்கள். அஹ்மத் அஸ்ஸாவி முஹம்மத் என்ற எழுத்தாளர் வசூல் ஆரம்பித்தார். குறுகிய காலத்தில் சுமார் 50,000 பவுண்டு சேர்ந்தது. அன்றைய எகிப்தில் அது மிகப் பெரும் தொகை. கொடுத்தவர்கள் எல்லோரும் அன்பினால் கொடுத்தவர்கள். ஷெய்கு வாங்க மறுத்துவிட்டார். குர்ஆனைச் சுமந்தவன் ஜனங்களின் வசூலில் வைத்தியம் பார்த்துக்கொள்வது அந்தக் குர்ஆனுக்கு இழிவு என்று அவர் கருதினார்.

பிடிவாதம் என்று நீங்கள் சொல்லலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நோயாளிக்கு உதவி வாங்க அனுமதி இருக்கும்போது மறுப்பானேன்? வீட்டாரின் கஷ்டத்தை நினைக்க வேண்டாமா? ஆனால் இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவருக்கு இளையவரான காரி அபுல் அய்னைன் ஷுஐஷிஃ அவர்கள் தலையிட்டுப் பேசி, வக்ஃபு அமைச்சகத்தின் மூலம் மாதாந்திர உதவித்தொகை ஒன்று ஏற்பாடானது. அதற்கு ஷெய்கு இசைந்தார். ஆக, உதவியே வேண்டாம் என்று இருந்த மனிதர் அல்ல. பத்திரிகையில் நோயாளியாகப் படம் போட்டு, ஊர் முழுக்கத் துண்டு விரித்து வந்த பணம் வேண்டாம். முப்பது வருடம் பள்ளியில் ஊழியம் செய்தவனுக்கு வக்ஃபிலிருந்து வருவது வேறு. முதலாவது பரிதாபம், இரண்டாவது பாத்தியதை. தொகையைப் பார்த்தால் முதலாவதுதான் பல மடங்கு பெரியது.

ஸூரத்துல் பகராவின் 273ஆம் ஆயத்தை நம் அறக்கட்டளையின் ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறோம். அதில் அல்லாஹ் அடையாளம் காட்டுகிற ஏழைகள் யார்? கேட்கக் கூச்சப்படுவதால், தெரியாதவன் பார்வைக்கு வசதியானவர்கள் போலத் தெரிகிறவர்கள். ஆயத்தை ரசீதில் அடித்துவிட்டு நாம் என்ன செய்தோம்? அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் நான் ஓர் எகிப்தியக் கதை சொன்னவனாகப் போய்விடுவேன்.

சில வருடங்களுக்கு முன்பு, நம் மக்தபில் ஓதிக்கொடுத்த ஒரு ஹஜ்ரத் படுத்த படுக்கையானார். இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அலிஃப் சொல்லிக் கொடுத்தவர். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். நான்தான் ஜும்ஆவில் அறிவிப்புச் செய்தேன். நான்தான் உருக்கமாகப் பேசினேன். நல்ல தொகை சேர்ந்தது. ஹஜ்ரத்தைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்து, பெரிய உறையைக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் தலைவர், ஒரு பக்கம் நான், படம் எடுத்து நம் இதழின் அட்டையில் போட்டோம். அந்த இதழ் வந்த மறுவாரம் அவருடைய பேரன் என் கடைக்கு வந்தான். உறையைக் கொடுத்தான். பிரிக்கப்படவில்லை. "நன்னா கொடுக்கச் சொன்னாங்க, மாமா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஹஜ்ரத் என் பிள்ளைகளை விசாரித்தார், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார், உறையைப் பற்றிப் பேசவே இல்லை. நாலு மாதத்தில் மௌத்தானார். ஜனாஸாவைத் தூக்கினோம், அதற்கும் படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் போட்ட இதழ் என் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. ஹஜ்ரத்தின் முகத்தைப் பார்த்தால் கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எடுக்கும்போது நாங்கள் கவனிக்கவில்லை. ரிஃப்அத் ஷெய்கின் சரித்திரத்தை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே இந்த ரமளானிலிருந்து மூன்று மாற்றங்களை நிர்வாகக் குழுவில் வைத்திருக்கிறேன். வாங்குபவர் முகம் இனி நம் இதழில் வராது, வாட்ஸ்அப்பிலும் வராது. மேடையில் பெயர் கூப்பிட்டு அரிசி மூட்டை கொடுப்பது இல்லை. மஹல்லாவில் இருக்கும் நம் இமாம்கள், மோதினார்கள், மக்தப் ஹஜ்ரத்மார்கள், அவர்களின் விதவைகள் ஆகியோருக்கு ஜகாத் கணக்கோடு கலக்காமல் தனியாக ஒரு மாதாந்திரத் தொகை. அதற்குப் பெயர் உதவி அல்ல, ஊழியப் படி.

குழுவில் எதிர்ப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. வளைகுடாவிலிருந்து அனுப்புகிற நம் பிள்ளைகள் படம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது தப்பில்லை. வெயிலில் நின்று சம்பாதித்த காசு, சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா? படம் இல்லாவிட்டால் வசூல் குறையும் என்று பொருளாளர் சொல்கிறார். அவர் கணக்கு தெரிந்தவர், குறையலாம். தணிக்கையாளருக்கும் அத்தாட்சி வேண்டும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே வாங்கியவர் கையொப்பம், இரண்டு நிர்வாகிகளின் கையொப்பம், பதிவேடு பூட்டிய அலமாரியில். பணம் அனுப்பியவர் ஊருக்கு வரும்போது கணக்கைப் பார்க்கலாம். முகத்தைப் பார்க்க முடியாது. இது போதாது என்பவர்கள் பொதுக்குழுவில் கையைத் தூக்குங்கள். தோற்றாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நான் செயலாளராக இருக்கும் வரை கேமராவோடு எந்த வீட்டுக்கும் போக மாட்டேன்.

ஷெய்கின் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது.

1950ஆம் வருடம் மே 9ஆம் தேதி மௌத்தானார். பிறந்த அதே தேதி. அப்போது ஒரு கவலை எழுந்தது. அவர் வானொலியில் ஓதியதெல்லாம் நேரடி ஒலிபரப்பு. ஓதி முடித்ததும் காற்றோடு போனது. வானொலியிடம் சேமிப்பு மிகக் குறைவு. காப்பாற்றியது யார் தெரியுமா? ரசிகர்கள். ஜகரிய்யா மஹ்ரான் பாஷா என்ற பெரிய மனிதர், ஷெய்கு வானொலியில் ஓதும்போதெல்லாம் தன் வீட்டில் உட்கார்ந்து அதை இசைத்தட்டுகளில் பதிவுசெய்து வைத்திருந்தார். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடம்தான் பிடிக்கும். தட்டை மாற்றுவதற்குள் ஓர் ஆயத்து நழுவிவிடும். சில தட்டுகள் கீறிப் போயின. நழுவிய இடங்களையும் கெட்டுப்போன இடங்களையும் நிரப்பிக் கொடுக்கும் வேலை யாருக்குப் போனது? அதே அபுல் அய்னைன் ஷுஐஷிஃ அவர்களுக்கு. அவர் குரலும் இவர் குரலும் ஒத்திருந்தன. தன் பெயர் வெளியே தெரியாமல், இன்னொருவர் குரலுக்குள் தன் குரலை ஒளித்து ஓதிக்கொடுத்தார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ரிஃப்அத் ஷெய்கை விடவும் இந்த இளையவர் மீது மதிப்பு கூடியது.

1964 மார்ச் மாதம் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கியது. இன்று உலகம் முழுக்க எத்தனையோ நாடுகளில் அப்படிப்பட்ட நிலையங்கள். எகிப்தில் ரமளான் மாதம் மஃரிபு நேரத்தில் இஃப்தார் பீரங்கிச் சத்தத்தோடு ரிஃப்அத் ஷெய்கின் பாங்கொலியை இன்னும் ஒலிபரப்புகிறார்கள். அவர் மௌத்தாகி எழுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தாத்தா கேட்டு நோன்பு திறந்த அதே பாங்கைக் கேட்டுப் பேரன் பேரீச்சம் பழத்தை வாயில் வைக்கிறான்.

நமக்கு மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஒளு செய்ய வேண்டியவர்கள் எழுந்திருக்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் அமருங்கள். மத்ரஸா மாணவர் ஒருவர் ஸூரத்து மர்யமில் அவர் ஓதிய ஒரு சிறு பகுதியை ஒலிபெருக்கியில் போடுவார். பழைய தட்டு, கரகரப்பு அதிகம் இருக்கும். மின்விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.